பூச்சு பூசிய வீட்டில் துணி எதற்கு?

ஒரு திங்கட்கிழமை காலை நான் ஒரு பெரிய முடிவு எடுத்தேன். மனதுக்குள்தான். வாய்விட்டு எடுக்கும் முடிவுகள் எங்கள் வீட்டில் என் மனைவியின் இலாகா.

முடிவு இதுதான்: அடிமை வாழ்வு போதும்.

நான் சண்முகலிங்கம். கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் கம்பனியில் அதிகாரம் செலுத்தி ஓய்வு பெற்றவன். என் ஒரு கையெழுத்துக்காகத் துறைமுகத்தில் பெரிய பெரிய கொள்கலன்கள் காத்து நின்ற காலம் உண்டு. இப்போது வெள்ளவத்தையில், நான்காம் மாடி வீட்டில், ஒரு ஈரத்துணியும் ஒரு போத்தல் குளோரினுமாக நான் காத்து நிற்கிறேன். என் மனைவி சரோஜினிதேவி சமையல் மேடையை விட்டு எப்போது நகர்வாள் என்று.

சரோ வீட்டில் மத்தியானச் சாப்பாட்டுப் பார்சல் செய்கிறாள். காலி வீதி அலுவலகங்களில் அவளுடைய கத்தரிக்காய்ப் பாற்கறிக்கு ஒரு கட்சியே இருக்கிறது. விடியமுன் எழும்பித் தேங்காய் துருவத் தொடங்கினால் பத்து மணிக்கு எல்லாம் கட்டி முடியும். அதன் பிறகு என் வேலை. மேடை, மேசை, பிரிட்ஜ் கைபிடி, கதவுப் பிடி, சுவிட்ச், எல்லாம் துடைக்க வேண்டும். பின்னேரம் திரும்பவும் எல்லாம். கொரோனாக் காலத்தில் கிருமிகளோடு தொடங்கிய யுத்தம் இது. உலகம் சமாதானம் செய்துகொண்டது. சரோ செய்யவில்லை. நான் அவளுடைய காலாட்படை.

எனக்கோ ஓரிடத்தில் இருக்க வராது. இருந்தால் கால் ஆடும். நின்றால் நடக்கத் தோன்றும். நடந்தால் வேறெங்கோ நடக்கத் தோன்றும். பின்னேரமானால் கடற்கரைக்குப் போகவேண்டும் என்று உடம்பு முழுக்கத் தினவெடுக்கும். நான் கரையை நினைப்பேன். சரோ கறையைக் காட்டுவாள்.

"இஞ்சாருங்கோ, இந்த மூலையிலை என்ன?"

"நிழல்."

"துடையுங்கோ, போகுதோ பாப்பம்."

துடைத்தேன். போய்விட்டது. இப்படிப்பட்ட தோல்விகள்தான் மனிதனைப் புரட்சிக்காரன் ஆக்குகின்றன.

அன்று குளோரின் முடிந்துவிட்டது. வாங்கிவர என்னைக் காலி வீதியில் இருக்கும் ஹாட்வெயார் கடைக்கு அனுப்பினாள். அங்கேதான் ஜவாத்தைக் கண்டேன்.

ஜவாத் இரத்மலானையில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கும் இளைஞன். நீலச் சேட்டு, கையில் இரண்டு வெள்ளை டைல். கடை முதலாளிக்கு எதையோ விளக்கிக்கொண்டு நின்றான். முதலாளி வேறு ஆளுக்கு ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். கேட்க ஆளில்லாமல் ஒருவன் கதைப்பதை என்னால் பார்க்க முடியாது. போய் நின்றேன்.

"பாருங்க சேர், ஒண்ணுல பூச்சு ஈக்குது. மத்ததுல இல்ல."

"ரெண்டும் ஒரே மாதிரித்தான் கிடக்கு."

"அதான் சேர் விசயமே. கண்ணுக்குத் தெரியாது. இதுல கோடிக்கணக்கில ஊசி நட்டு வச்சீக்குது. வயல்ல நாத்து நட்ட மாதிரி. அடி டைலைப் புடிச்சிக்கொள்ளும், நுனி மேல பாத்துக்கொண்டு நிக்கும்."

"ஊசியோ?"

"இரும்பு ஊசி இல்ல சேர். மூலக்கூறு. அவ்வளவு சின்னன். அந்த ஊசியில பொசிட்டிவ் சார்ஜ் ஈக்குது. கிருமிட தோல்ல நெகட்டிவ். கிட்ட வந்தாப் போதும், இழுபட்டு வரும். வந்து தொட்டா நுனி தோலுக்குள்ள இறங்கும். தோல் கிழிஞ்சா உள்ளுக்குள்ள ஈக்குறதெல்லாம் ஒழுகிப் போகும். தண்ணி நெரப்பின பலூனை முள்ளுல வச்ச மாதிரி. அவ்வளவுதான். ஆள் மௌத்து."

"பிறகு ஊசிக்கு என்ன நடக்கும்?"

"ஒண்டும் நடக்காது. அடுத்த ஆளுக்கு ரெடி. குளோரின் மாதிரிப் பறந்து போகாது. மருந்து மாதிரிக் கரையாது. இரவு பகல் நின்ட எடத்துல வேலை செய்யும்."

சம்பளம் இல்லை, லீவு இல்லை, முணுமுணுப்பு இல்லை. இரவு பகலாக நின்ற இடத்தில் கிருமியைக் கொல்லும் கோடிக்கணக்கான வேலைக்காரர்கள். இவ்வளவு காலமும் அந்தக் கோடிப்பேரின் வேலையை நான் ஒருவன் செய்திருக்கிறேன்!

"எங்கடை சமையலறைக்குப் பூசுவீரோ?"

"பூசலாம் சேர். ஆனா ஒரே ஒரு விசயம், இது வந்து—"

"அதெல்லாம் பிறகு பாப்பம். எப்ப வருவீர்?"

"இல்ல சேர், பூசினதுக்குப் பொறகு—"

"பூசினதுக்குப் பிறகு பாப்பம் எண்டுதானே நானும் சொல்லுறன். வியாழக்கிழமை வாரும்."

வியாழக்கிழமை சரோ புறக்கோட்டைக்கு அரிசியும் செத்தல் மிளகாயும் வாங்கப் போகிற நாள். அவள் வாசல் கேற்றைத் தாண்டியதும் ஜவாத் வந்தான். எல்லாவற்றையும் கழுவி, உலர்த்தி, ஒரு சின்னத் துப்பாக்கி மாதிரிக் கருவியால் புகைபோலத் தெளித்தான். மேடைக்கு, மேசைக்கு, கைபிடிகளுக்கு, சுவிட்சுகளுக்கு. நான் பின்னாலும் முன்னாலும் நடந்து மேற்பார்வை செய்தேன். அவன் திரும்பிய பக்கமெல்லாம் நான் நின்றபடியால் என் கைக்கடிகாரத்துக்கும் கொஞ்சம் தெளிபட்டது.

வேலை முடிந்தது. ஜவாத் பெட்டியைத் தூக்கிக்கொண்டு லிப்டுக்குப் போனான். நான் சாய்கதிரையைப் பால்கனிக்கு இழுத்துப் போட்டு இருந்தேன். உடனே எழும்பினேன். மகிழ்ச்சி வந்தாலும் எனக்கு இருக்க வராது.

கொஞ்ச நேரத்தில் சரோ வந்தாள். இரண்டு கையிலும் பை.

"வெள்ளெனவே வந்திட்டீர்?"

"லிப்ட் சுணங்கிப் போச்சு, இல்லாட்டி இன்னும் வெள்ளென வந்திருப்பன். என்ன இது, வீடு ஒரு மாதிரி மணக்குது?"

"பூச்சு."

"பூச்சியோ? எங்கை?" என்று ஒரு காற்செருப்பைக் கழற்றினாள்.

"பூச்சி இல்லை சரோ, பூச்சு! செருப்பைப் போடும். பூச்சு பூசினால் பூச்சி தன்பாட்டிலை சாகும்."

அவளை மேசையடியில் இருத்தி விளக்கினேன். நாற்று, ஊசி, பலூன், எல்லாம். ஜவாத் சொன்னதைவிட என் விளக்கம் இன்னும் திறமாக இருந்தது. இடையில் எழும்பி, நானே கிருமியாக நடித்து, பிரிட்ஜில் மோதி விழுந்தும் காட்டினேன். சரோ வாயைத் திறவாமல் கேட்டாள். அதுவே ஒரு கெட்ட சகுனம். அன்று எனக்கு விளங்கவில்லை.

"கோடிக்கணக்கிலை ஊசி எண்டால் எங்கடை கையிலை குத்தாதோ?"

"குத்தாது. எங்கடை தோல் அதுக்குத் தடிப்பு."

"அது உண்மைதான்," என்று என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். "அப்ப இனித் துடைக்கத் தேவையில்லையோ?"

"தேவையே இல்லை."

"ஒரு நாளும்?"

"ஒரு நாளும்."

"இதை நீங்களோ சொல்லுறியள்?"

"விஞ்ஞானம் சொல்லுது."

சரோ எழும்பினாள். வீட்டில் இருந்த துணி எல்லாவற்றையும் சேர்த்தாள். மஞ்சள் துணி, நீலத் துணி, என் பழைய சாரத்தைக் கிழித்துச் செய்த துணி. ஒரு பையில் திணித்தாள். அலுமாரியில் வைத்துப் பூட்டினாள். திறப்புக் கொத்து இடுப்புக்குப் போனது.

"விஞ்ஞானம் சொன்னால் கேக்கத்தானே வேணும். இனி இந்த வீட்டிலை ஆரும் துணி எடுத்தால் எனக்குக் கெட்ட கோவம் வரும்."

இவ்வளவு சுலபமாக ஒரு வெற்றி என் வாழ்க்கையில் நான் கண்டதில்லை.

அன்றிரவு இடியப்பம். போய் இருந்தேன்.

"சரோ, தட்டு எங்கை?"

"தட்டு ஏன்?" என்றபடி என் முன்னால், வெறும் மேசையில், இடியப்பத்தை அடுக்கினாள். பக்கத்தில் சம்பல். "உங்கடை மேசையை விடச் சுத்தமான தட்டு எங்கையும் இருக்கோ? தட்டிலை ஊசி இருக்கோ?"

"அது சரி, ஆனால் சொதி..."

"சொதிக்கென்ன?" என்றாள். ஊற்றினாள்.

சொதி கோடிக்கணக்கான ஊசிகளின் மேலாகத் தங்குதடையின்றி ஓடி என் சாரத்தில் இறங்கியது. நான் துள்ளி எழுந்தேன்.

"துடை..." என்று வாய் எடுத்தேன்.

"என்ன?"

"ஒண்டுமில்லை. துடையிலை ஊத்துண்டிட்டுது எண்டு சொல்ல வந்தனான்."

அடுத்த நாள் மேசையில் சொதி காய்ந்து மஞ்சளாக ஒரு நாடு உருவாகியிருந்தது. மாகாண எல்லைகள்கூடத் தெரிந்தன. எறும்புகள் குடியேற வந்தன. ஊசிகள் எறும்புகளை ஒன்றும் செய்யவில்லை. நல்ல காலம், சமையல் மேடையில் சரோ புது வாழையிலை விரித்துத்தான் பார்சல் வேலை செய்தாள். கேட்டதற்கு, "உங்கடை ஊசி தேஞ்சு போகக்கூடாது" என்றாள்.

பின்னேரம் நான் சுதந்திர மனிதனாகக் கடற்கரைக்குப் போனேன். கூட வந்தவர் பேர்னாட். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர், இப்போது எங்களுக்கு மேலே ஐந்தாம் மாடியில் தனியாக இருக்கிறார். இருவரும் ரயில் பாதையைக் கடந்து கல்லில் இருந்தோம். நான் அலையைப் பார்த்தேன். சொதி தெரிந்தது. சூரியனைப் பார்த்தேன். அதுவும் சொதி நிறத்தில்தான் இருந்தது.

"என்ன அண்ணே, கால் இந்த ஆட்டம் ஆடுது?" என்றார் பேர்னாட்.

"எழும்புவம்."

"இப்பதானே இருந்தோம்!"

"அப்ப இருப்பம்."

"எழும்பிட்டேனே அண்ணே!"

எனக்கு ஒரு சந்தேகம் அரித்துக்கொண்டிருந்தது. அந்த மஞ்சள் நாட்டின் மேல் ஒரு கிருமி வந்து இறங்கினால் அதற்கு ஊசி எப்படிக் குத்தும்? கைத்தொலைபேசியை எடுத்து ஜவாத்துக்கு அடித்தேன்.

"தம்பி, அண்டைக்கு நீர் ஏதோ ஒரே ஒரு விசயம் எண்டு சொல்ல வந்தீர்..."

"அல்லாவே, சேர்! அதைத்தானே ரெண்டு தரம் சொல்லப் பாத்தேன்!" என்றான். அந்த நேரம் பார்த்துப் பாணந்துறை ரயில் தடதடவென்று எங்களைக் கடந்தது. அது போய் முடியும்வரை நான் ஒற்றைக் காலில் நின்றேன்.

"சொல்லும், சொல்லும்."

"கிருமி வந்து ஊசியைத் தொடணும் சேர். தொட்டாத்தான் சாகும். மேல எண்ணெய் படிஞ்சா, தூசி படிஞ்சா, எப்படித் தொடும்? அதை விடுங்க. செத்த கிருமிட உடம்பும் அங்கயேதான் கெடக்கும். அது சேரச் சேர ஊசிக்கு மேல மெத்தை விரிச்ச மாதிரி. பொறகு வாற கிருமி மெத்தையில படுத்துச் சொகமாத் தூங்கும்."

"அப்ப என்ன செய்ய வேணும்?"

"ஒண்டுமில்ல, லேசு. ஈரத் துணியும் கொஞ்சம் சவர்க்காரமும். ஒவ்வொரு நாளும் தொடைக்கணும். குளோரின் மட்டும் போடாதீங்க, அது ஊசியைக் கெடுத்துரும். பூச்சு, தொடைக்கிறதுக்குப் பதிலா இல்ல சேர். நீங்க தொடைச்சிட்டுப் போன பொறகு, அடுத்த தரம் தொடைக்கிற வரைக்கும் காவல் நிக்கும். அவ்வளவுதான்."

தொட்டால்தான் சாகும். துடைத்தால்தான் தொடும். நான்கு சொல்லில் என் விடுதலை முடிந்துவிட்டது.

"அந்த அன்ட்டிக்கிட்ட சலாம் சொல்லுங்க சேர்," என்று ஜவாத் வைத்துவிட்டான். எந்த அன்ட்டி என்று யோசிக்கும் நிலையில் நான் இல்லை.

வீட்டுக்கு வந்தால் சரோ மேசையடியில் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு இருந்தாள்.

"என்ன?"

"எங்களிட்டைப் பார்சல் எடுக்கிற பம்பலப்பிட்டிக் கம்பனிக்காரர் போன் பண்ணினவை. வேறை எங்கையோ வாங்கின சாப்பாட்டாலை அவையின்ரை ஆக்களுக்கு வயித்தாலை போயிட்டுதாம். இனிச் சுகாதாரப் பரிசோதகரின்ரை சான்றிதழ் இல்லாமல் ஆரிட்டையும் எடுக்க மாட்டினமாம். நான் விண்ணப்பிச்சிட்டன். வாற கிழமை ஒரு நாள் வருவாராம். எண்டைக்கெண்டு சொல்லமாட்டினம்." பெருமூச்சு விட்டாள். "அந்தக் கம்பனி போனால் மற்றதுகளும் போகும். நல்ல காலம், நீங்கள் பூச்சுப் பூசி வைச்சியள்."

அந்தக் கடைசி வசனம் என் நெஞ்சில் ஊசியாக இறங்கியது. உள்ளுக்குள் இருந்ததெல்லாம் ஒழுகிப் போனது.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் "விஞ்ஞானம் சொல்லுது" என்று சொன்ன வாயை எங்கே வைப்பது? அதனால் வேறொரு முடிவு எடுத்தேன். இரகசியமாகத் துடைப்பது.

துணி எல்லாம் பூட்டுக்குள். முதல் நாள், போட்டிருந்த பெனியனைக் கழற்றித் துடைத்தேன். மறுநாள் சந்தைப் பக்கம் போய் ஒரு துணி வாங்கிக் கைக்குட்டை மாதிரி மடித்துக் களுசான் பையில் வைத்தேன். பேர்னாட்டை உளவுப் படையில் சேர்த்தேன். அவருடைய பால்கனியிலிருந்து பார்த்தால் எங்கள் கட்டடத்தின் வாசல் கேற் தெரியும். சரோ வெளியே போய்த் திரும்பி வந்தால் என் போனுக்கு ஒரு மணி அடிக்க வேண்டும். பேர்னாட் மிகுந்த விசுவாசத்தோடு ஒப்புக்கொண்டார்.

சரோ குளிக்கப் போனால் துடைத்தேன். கோயிலுக்குப் போனால் துடைத்தேன். போனில் தன் தங்கச்சியோடு கதைக்கத் தொடங்கினால் முழு வீட்டையும் துடைத்தேன். அந்தக் கதை முடிய முன்னம் இரண்டாந் தரமும் துடைக்க நேரம் இருந்தது. அவளும் ஏனோ அந்த நாட்களில் அடிக்கடி வெளியே போனாள். போகுமுன் கறி பிசைந்த கையால் பிரிட்ஜைத் திறந்தாள். எண்ணெய்க் கையால் சுவிட்சைப் போட்டாள். முன்பெல்லாம் ஒரு நாளைக்கு இரண்டு தரம் துடைத்தவன் இப்போது எத்தனை தரம் துடைக்கிறேன் என்றே தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தேன். கடற்கரை எந்தப் பக்கம் என்பதே மறந்துவிட்டது.

ஒருநாள் பேர்னாட்டின் மணி பிந்திவிட்டது. கதவு திறந்தது. என் கையில் சவர்க்காரத் துணி. யோசிக்க நேரமில்லை. துணியை முகத்தில் வைத்து மூக்கைச் சிந்தினேன். சவர்க்காரம் கண்ணுக்குள் போய்த் தாரை தாரையாகத் தண்ணீர்.

"ஐயோ, என்ன அழுறியள்?"

"அம்மாவை நினைச்சன்."

"மாமி கனடாவிலை சுகமாத்தானே இருக்கிறா? காலமைதானே வீடியோவிலை உங்களை ஏசினவ?"

"அதுதான். எவ்வளவு தூரத்திலை இருந்து ஏசுறா, பாவம்."

சரோ என் தலையைத் தடவிவிட்டு உள்ளே போனாள். அவளுடைய தோள் குலுங்கியது போல இருந்தது. என்மேல் இரக்கப்பட்டு விம்முகிறாள் என்று நினைத்தேன்.

பரிசோதகர் ஒரு புதன்கிழமை முற்பகல் வந்தார். காக்கி உடுப்பு, மெலிந்த, சிரிக்காத சிங்கள இளைஞர். தண்ணீர்க் குழாயைப் பார்த்தார். குப்பை வாளியைப் பார்த்தார். சரோவின் நகத்தைப் பார்த்தார். ஒரு பஞ்சுக் குச்சியை எடுத்து மேடையில் தேய்த்துக் குழாய்க்குள் போட்டு மூடினார், பரிசோதனைக்கு அனுப்ப. பிறகு விரலால் மேசையைத் தடவினார்.

எனக்குச் சும்மா நிற்க முடியவில்லை. என் கோட்டைக் காலத்துச் சிங்களத்தை எடுத்து விட்டேன்.

"மஹத்தயா, மேக்கே இந்திகட்டு தியெனவா!"

இதில் ஊசி இருக்கிறது என்றேன். பெருமையோடுதான் சொன்னேன். அவர் பாம்பைத் தொட்டவர் போலக் கையை இழுத்து விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சாப்பாடு செய்யும் இடத்தில் ஊசியா என்று கேட்டார். சரோ நெற்றியில் கையை வைத்தாள். நான் அவசர அவசரமாகப் பூச்சு, கிருமி, பலூன் எல்லாவற்றையும் அரைச் சிங்களத்திலும் முழு நடிப்பிலும் விளக்கினேன். பலூன் வெடிக்கும்போது அவர் ஓரடி பின்னால் போனார்.

கடைசியில் அவருக்கு விளங்கியது. இப்படிப் பூச்சுகள் பற்றித் தானும் படித்திருப்பதாகச் சொன்னார். நல்லதுதான், ஆனால் பூச்சு இருக்கிறது என்று துடைக்காமல் விட்ட சமையலறைகளையும் தான் கண்டிருப்பதாகச் சொன்னார். பேனாவைத் திறந்தார்.

"கவுத மேக்க பிஹதான்னே?"

இதை யார் துடைப்பது?

நான் சரோவைப் பார்த்தேன். சரோ மின்விசிறியைப் பார்த்தாள். பிறகு, நல்ல தெளிவான சிங்களத்தில் சொன்னாள்: பூச்சுப் பூசிய நாளிலிருந்து இந்த வீட்டில் ஒருவரும் துணி எடுப்பதில்லை.

பரிசோதகரின் முகம் இறுகியது. பேனா கீழே இறங்கியது.

அந்தக் கணத்தில் என் கால் ஆடவில்லை. எத்தனையோ காலத்துக்குப் பிறகு உடம்பு முழுக்க அசையாமல் நின்றேன். வாயைத் திறந்தால் என் கதை முடிந்தது. திறக்காவிட்டால் சரோவின் கதை முடிந்தது. அவள் இருட்டோடு எழும்பி, எனக்கு நித்திரை குழம்பக்கூடாதென்று குசினிக் கதவைச் சாத்திவிட்டுத் தேங்காய் துருவுகிற சத்தம் எனக்குக் கேட்டது. பம்பலப்பிட்டிக்காரர் கறி முடிந்துவிட்டது என்று திரும்பவும் கேட்டனுப்பும் நாட்களில் அவள் முகத்தில் வரும் அந்தச் சின்னச் சிரிப்பு. ஒரு துடைக்கும் துணியின் இரகசியத்துக்காக அதையெல்லாம் விடுவதா?

"மம," என்றேன். நான்தான்.

களுசான் பைக்குள் கையை விட்டுத் துணியை எடுத்துக் கொடி மாதிரி உயர்த்தினேன். ஒவ்வொரு நாளும், பல தரம், சவர்க்காரம் போட்டு, குளோரின் போடாமல், மனைவிக்குத் தெரியாமல் துடைப்பதாக ஒப்புக்கொண்டேன்.

பரிசோதகர் துணியை வாங்கி மணந்து பார்த்தார். பிரிட்ஜ் கைபிடிக்குப் பின்பக்கம் தடவிப் பார்த்தார். அங்கேயும் துடைத்திருந்தேன். முதல் தடவையாகச் சிரித்தார். இப்படி ஒரு கணவனைத் தான் கண்டதே இல்லை என்றார். என் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு, சரோ கொடுத்த பால்தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்.

கதவு சாத்தப்பட்டது. நான் ஏச்சுக்குக் காத்திருந்தேன். சரோ கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள்.

"சரோ, உமக்குக் கோவமில்லையோ?"

"ஏன் கோவம்?"

"துணி... ஒளிச்சுத் துடைச்சது..."

"அதுதான் எனக்குத் தெரியுமே."

"எப்ப இருந்து?"

"அந்த ஜவாத் தம்பி லிப்டிலை ஏற வரேக்கை நான் இறங்கினனான். பெட்டியைக் கண்டு என்ன தம்பி எண்டு கேட்டன். லிப்டை மறிச்சு வைச்சுக்கொண்டு ஊசி, மெத்தை எல்லாம் வடிவா விளங்கப்படுத்தினவர். 'சேர் சொல்ல விடுறாரில்ல அன்ட்டி' எண்டு கவலைப்பட்டவர். நல்ல பிள்ளை."

நான் பூட்டிய அலுமாரியைப் பார்த்தேன்.

"அப்ப ஏன் துணியை எல்லாம் பூட்டி வைச்சனீர்?"

"முதல் உங்களுக்குப் பாடம் படிப்பிக்கத்தான் பூட்டினனான், பரிசோதகர் கதை வந்த பிறகு திறக்கேல்லை. துடையுங்கோ எண்டு சொன்னால் காலமை ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா. அதுவும் மூஞ்சியை நீட்டிக்கொண்டு. ஒளிச்சுத் துடைக்கிற மனுசனுக்கு நேரமும் இல்லை, கணக்கும் இல்லை. பரிசோதகர் எண்டைக்கு வாறார் எண்டு தெரியாமல் நான் என்ன செய்யிறது? எந்த நேரமும் பளபளப்பா இருக்க வேணாமோ?"

"அப்ப பேர்னாட்..."

"அவருக்கு மத்தியானச் சாப்பாடு ஆர் குடுக்கிறது? நான் கேற்றடியிலை நிண்டு கை காட்டினால்தான் அவர் உங்களுக்கு மணி அடிப்பார். நீங்கள் பிரிட்ஜ் முடிக்கும் வரைக்கும் நான் கீழை வெய்யிலுக்கை நிண்டனான், தெரியுமோ?"

"பரிசோதகரிட்டை ஏன் அப்பிடிச் சொன்னீர்? நான் வாய் திறக்காமல் விட்டிருந்தால்?"

சரோ கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"திறப்பியள் எண்டு தெரியும்," என்றாள்.

கால் திரும்பவும் ஆடத் தொடங்கியது. ஆனால் போக நினைத்த இடம் எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை.

பரிசோதனை முடிவு நல்லதாக வந்தது. சான்றிதழும் வந்தது. பெரிய எழுத்தில் சரோஜினிதேவியின் பெயர். அதற்குக் கீழே, துப்புரவுக்குப் பொறுப்பானவர் என்ற இடத்தில் சண்முகலிங்கம். பம்பலப்பிட்டிக்காரர் இன்னும் கூடுதலாகப் பார்சல் கேட்டார்கள். சரோ சான்றிதழைக் கொண்டுபோய்க் கண்ணாடி போட்டு, நல்ல மரச் சட்டம் அடித்துக்கொண்டு வந்து, வாசலுக்கு நேரே கொழுவினாள்.

"பாருங்கோ, உங்கடை பேரும் சட்டத்துக்குள்ளை வந்திட்டுது."

பின்னேரம் மாடி மாடியாக ஆட்கள் வந்து பார்த்தார்கள். என் பெயர் எங்கே என்று கேட்டவர்களுக்கெல்லாம் பேர்னாட் கண்ணாடியில் விரலை வைத்துக் காட்டினார். பார்த்தவர்களும் தங்கள் பங்குக்கு விரலை வைத்தார்கள். எல்லோரும் போன பிறகு நான் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு அதற்கு முன்னால் நின்றேன்.

"என்ன அப்பிடிப் பாக்கிறியள்?"

"என்ரை பேரைப் பாக்கிறன்."

"தெரியுதோ? கண்ணாடி முழுக்க விரல் அடையாளம்," என்றாள் சரோ. "அதுக்குப் பூச்சும் இல்லை."

நாட்டில் சட்டத்தைப் படிப்பவர்கள், காப்பவர்கள், மீறுபவர்கள் என்று எத்தனையோ பேர் இருக்கிறார்கள். எங்கள் வீட்டில் சட்டத்தைத் துடைப்பவன் நான்.